தன்னுயிர் மாய்த்தார்க்குக் கதி உண்டோ?

சென்ற ஆண்டு நம்முடன் பயின்ற மாணவர் ஒருவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அவர் பெயரை இங்கே எழுதுதல் தகாது. எழுத மனமும் வரவில்லை. ஒரு திங்கள் கழித்து, அவருடைய பெட்டியையும் புத்தகங்களையும் எடுத்துச் செல்லப் பெற்றோர் வந்தனர். அவர்களை எர்ணாகுளம் சந்திப்பில் வண்டியேற்றிவிடச் சென்றவர்களுள் நானும் ஒருவன். வண்டி புறப்படும் நேரத்தில் அந்தத் தாய் என் கையைப் பற்றிக்கொண்டு கேட்டார்: "தம்பி, தானா போன உசுருக்கு ஒரு வருசம் காரியம் எதுவும் செய்யக்கூடாதுன்னு சொல்றாங்க. நீங்கள்லாம் படிச்ச பிள்ளைங்க. அவனுக்கு நல்ல கதி உண்டா, இல்லையா?"

என்னால் விடை கூற முடியவில்லை. விடுதிக்கு வந்தேன். அங்கே இருவகைப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "தற்கொலை மாபாவம், நரகந்தான்" என்றார் ஒருவர். "மானமுள்ளவன், வடக்கிருந்து உயிர்விட்ட வேந்தர் மரபில் வந்தவன்" என்றார் மற்றொருவர். ஒருவர் இறந்தவரைச் சபித்தார். மற்றவர் இறப்பைப் புகழ்ந்தார். இரண்டும் அத்தாயின் வினாவுக்கு விடையாகா என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. உண்மையில் சமயங்கள் என்னதான் கூறுகின்றன? அன்றுமுதல் தேடிப் படித்தவற்றை நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே ஊரில் ஐந்து நெறிகள்

இந்த ஆராய்ச்சிக்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. எர்ணாகுளத்தில் படகேறிக் காயலைக் கடந்தால் மட்டாஞ்சேரி. அங்கே யூதர் தெருவில் 1568இல் எழுந்த பரதேசி யூதக்கோயில் நிற்கிறது. அதை அடுத்துக் கொச்சி மன்னரின் பழைய அரண்மனை. அதன் வளாகத்திலேயே பழையன்னூர் பகவதி கோயில். குசராத்தியர் வாழும் பகுதியில் 1904இல் கட்டிய சமணக் கோயில். கொச்சங்காடியில் செம்பிட்டப் பள்ளி எனும் பழம்பெரும் பள்ளிவாசல். 1653ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் தோமாக் கிறித்துவர்கள் போர்த்துக்கீசியப் பாதிரிமாரின் ஆட்சியை மறுத்துச் சூளுரைத்த கூனன் குருசும் இங்குதான். சற்றுத் தள்ளி வேளியில், டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க வந்த தமிழ் வண்ணார்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தம் துறையை விடாது நடத்தி வருகின்றனர். காலாற நடந்தால் ஒரே நாளில் இத்தனையையும் பார்த்துவிடலாம்.

இந்நெறிகள் ஒவ்வொன்றிடமும் நாம் இரண்டு வினாக்களைக் கேட்கவேண்டும். ஒன்று: ஒருவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ளல் தகுமோ? மற்றொன்று: போக்கிக்கொண்டவரை எவ்வாறு நடத்துவது? இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் நம் விடுதிப் பேச்சுகள் தடம் புரண்டன. முதல் வினா உயிரோடிருப்பவனைப் பற்றியது. அவனைத் தடுத்து நிறுத்த எழுந்தது. இரண்டாவது வினா இறந்தவரையும் அவரை இழந்து அழுவோரையும் பற்றியது.

யூதர் நெறி

மட்டாஞ்சேரி யூதருள் பெரும்பாலோர் 1948இல் இசுரவேல் நாடு பிறந்தபின் அங்கே சென்று குடியேறிவிட்டனர். எனினும் அவர்தம் நெறிநூல்கள் நமக்குச் சொல்லும் செய்தி பெரிது. யூத வேதத்தில் சவுல் மன்னனைப் போல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டவர் சிலர் உளர். "தற்கொலை செய்யாதே" என்ற நேர்க்கட்டளை அவ்வேதத்தில் இல்லை. ஆயினும் தொடக்கநூலின் 9ஆம் அதிகாரத்திலிருந்து அத்தடையைப் பின்வந்த அறிஞர் பெற்றனர். உயிர் இறைவனுடையது, மனிதன் அதன் காவலனே அன்றி உடைமையாளன் அல்லன் என்பது அவர்தம் கொள்கை.

துக்க முறைகளைத் தொகுத்துக் கூறும் "செமாகோத்" என்னும் நூல், தெரிந்தே தன்னுயிரை மாய்த்துக்கொண்டவனுக்குத் துக்கச் சடங்குகள் வேண்டா என்கிறது. அடுத்தே அது "தெரிந்தே" என்ற சொல்லுக்கு மிகக் குறுகிய எல்லையை வகுக்கிறது. தன் எண்ணத்தை முன்னரே தெளிவாகச் சொல்லி, சொன்னவாறே செய்ததற்குச் சான்றும் இருந்தாலன்றி எவரையும் அவ்வகையில் சேர்க்கலாகாது.

அந்நூல் இரு சிறுவரின் கதையையும் கூறுகிறது. ஒருவன் பள்ளியிலிருந்து ஓடினான். மற்றொருவன் ஓய்வுநாளில் ஒரு குப்பியை உடைத்தான். இருவரையும் தந்தையர் அடிப்பதாக மிரட்டினர். அச்சத்தால் இருவரும் உயிரை விட்டனர். ஒருவனைப் பற்றி இரபி தர்போனிடமும், மற்றவனைப் பற்றி இரபி அக்கீவாவிடமும் ஊரார் கேட்டனர். இருவரும் ஒரே தீர்ப்பே அளித்தனர்: இறந்த பிள்ளைக்கு எந்தச் சடங்கையும் மறுக்க வேண்டா. அதிலிருந்து அறிஞர் ஒரு விதியையும் வகுத்தனர். பிள்ளையைத் தண்டிப்பதாயின் உடனே தண்டித்து முடித்துவிடுக. இல்லையேல் வாய் திறவாதிருக்க. மிரட்டித் தொங்கவிடாதே என்பதே அது.

நண்பர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இறந்த பிள்ளையின் பாவத்தைப் பற்றிக் கேட்டனர். விடையோ உயிரோடிருக்கும் தந்தையரின் கடமையாக வந்தது. தேர்வு முடிவு வரும் நாளில் வீட்டிலும் கல்லூரியிலும் நாம் கேட்கும் மிரட்டல்களை எண்ணிப் பார்ப்பின், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட அறிஞரின் அவ்விதி நமக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது.

கிறித்துவ நெறி

5ஆம் நூற்றாண்டில் புனித அகுசுதீனார், கொலை செய்யாதே என்ற கட்டளை தன்னைக் கொல்வதையும் தடுக்கும் என்று வாதிட்டார். 13ஆம் நூற்றாண்டில் தாமசு அக்குவினாசு மூன்று காரணங்களை அடுக்கினார். தன்னுயிரைப் பேணல் இயற்கை; அதற்கு மாறானது இச்செயல். ஒவ்வொருவனும் சமுதாயத்தின் ஓர் உறுப்பு. ஆதலின் சமுதாயத்திற்கும் இது தீங்கு. உயிர் இறைவன் அளித்த கொடை. ஆதலின் இறைவனுக்கும் எதிரானது. இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் காப்பியத்தில் இத்தகையோரை நரகத்தில் மரங்களாக நிற்க வைத்தார். அவரே உரோம நாட்டுக் கேட்டோவை, அவரும் தம் உயிரை மாய்த்துக்கொண்டவரே யாயினும், தூய்மை பெறும் மலையின் காவலராக வைத்தார் என்பதும் எண்ணத்தக்கது.

சட்டமும் கடுமையாகவே இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, தெரிந்து தம் உயிரைப் போக்கிக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. கேரளத்தில் "தெம்மாடிக்குழி" என்ற சொல்லைக் கேளாதார் இரார். திருச்சபை விலக்கியவர்களைக் கல்லறைத் தோட்டத்தின் ஒதுக்குப்புறத்தில் புதைக்கும் குழி அது. இறந்தவனுக்கு அக்குழியால் என்ன வருத்தம்? ஞாயிறுதோறும் அதைக் கடந்து கோயிலுக்குச் செல்லும் தாய்க்கன்றோ வருத்தம்!

1983இல் வந்த புதிய தொகுப்பில் அத்தடை இடம்பெறவில்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இச்செயல் தவறே என்பதை மீண்டும் வலியுறுத்துகிறது. ஆனால் கடும் மனநோயும் பேரச்சமும் துன்பமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், இறந்தவரின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழத்தல் ஆகாது என்றும், அவர்க்காகத் திருச்சபை வேண்டுகிறது என்றும் அறிவிக்கிறது. விதி மாறவில்லை; மனத்தைப் பற்றிய அறிவு வளர்ந்தது.

இஸ்லாம்

இஸ்லாத்தின் தடை ஐயத்திற்கிடமற்றது. திருக்குர்ஆன் 4ஆம் அதிகாரம் 29ஆம் வசனத்தை அறிஞர் இதற்கு ஆதாரமாகக் காட்டுவர். நபிமொழிகளுள் கடுமையான எச்சரிக்கைகளும் உண்டு. அத்தகைய ஒருவருக்கு நபிகள் நாயகம் தாமே தொழுகை நடத்தவில்லை என்றும் ஒரு செய்தி கூறுகிறது. ஆயினும் பெரும்பான்மையான சட்ட அறிஞர், கேரள முஸ்லிம்கள் பெரிதும் பின்பற்றும் ஷாபி நெறியினர் உட்பட, சமுதாயத்தார் அவருக்கு ஜனாஸா தொழுகை நடத்தவே வேண்டும் என்பர். அவர் செய்தது பெரும்பாவம். ஆனால் அவர் சமயத்தை விட்டு நீங்கியவர் அல்லர் என்பதே காரணம்.

முஸ்லிம் என்னும் அறிஞரின் நபிமொழித் தொகுப்பில் ஒரு நிகழ்ச்சி உண்டு. துபைல் என்பவருடன் மதீனாவுக்குக் குடிபெயர்ந்த ஒருவர் நோயுற்றார். வலி பொறாது தம் கைகளுக்குத் தாமே ஊறு செய்து உயிர்விட்டார். பின்னர்த் துபைல் அவரைக் கனவில் கண்டார். அவர் நலமாகவே இருந்தார். கைகள் மட்டும் மூடப்பட்டிருந்தன. இறைவன் தம்மை மன்னித்தான் என்றும், தாம் கெடுத்துக்கொண்ட கைகளை மட்டும் செப்பனிடவில்லை என்றும் அவர் கூறினார். இதைக் கேட்ட நபிகள் நாயகம் என்ன செய்தார்? அக்கைகளையும் மன்னிக்குமாறு இறைவனை வேண்டினார். கடும் தடை விதித்த அதே சமயத்தில்தான் இக்கருணையும் இருக்கிறது.

சமணம்

சமணரின் சல்லேகனை என்னும் நோன்பு நம்மிற் பலரைக் குழப்புவது. உண்ணாதிருந்து உயிர்விடும் அந்நோன்பு தமிழகத்திற்குப் புதிதன்று. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து மறைந்ததை ஒரு பழங்கல்வெட்டு கூறுகிறது. 2015 ஆகத்தில் இராசத்தான் உயர்நீதிமன்றம் இந்நோன்பைத் தற்கொலைக்கு ஒப்பிட்டுத் தடுத்தது. அத்திங்களிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

சமண அறிஞர் இதனைத் தற்கொலை என ஒப்புவதில்லை. ஆசையும் வெறுப்பும் தூண்டச் செய்வது தற்கொலை. அவை அடங்கியபின், தீராப் பிணியோ தளர்ந்த முதுமையோ வந்துற்றபோது, குருவின் இசைவுடன் ஏற்பது நோன்பு என்பர். இவ்வேறுபாட்டை ஒப்புவதும் மறுப்பதும் அவரவர் கருத்து. ஆனால் தத்துவார்த்த சூத்திரம் இந்நோன்பின் குற்றங்களாக ஐந்தினைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று, சாவு விரைந்து வரட்டும் என்று விரும்புதல்! எந்தச் சமயத்தை உண்ணாநோன்புச் சாவுக்குச் சான்றாக நாம் காட்டுகிறோமோ, அச்சமயமே சாவை விரும்புவதைக் குற்றம் என்கிறது. வாழ வேண்டிய வயதில், துயரத்தின் பிடியில் நிற்கும் மாணவனுக்கு இந்நோன்பில் எந்த இடமும் இல்லை.

இந்து நூல்களும் தமிழர் மரபும்

ஈசாவாசிய உபநிடதம் ஆன்மாவைக் கொல்வோர் இருள் சூழ்ந்த உலகம் புகுவர் என்று கூறுவதைத் தற்கொலைக்குச் சான்றாகப் பலர் காட்டுவர். அவ்விடத்தில் தன்னையறியாத அறிவின்மையே பேசப்படுகிறது என்பது சங்கரர் உரை. மனு நூலின் 5ஆம் அத்தியாயம் தன்னுயிர் போக்கிக்கொண்டவர்க்கு நீர்க்கடன் இல்லை என்கிறது. அத்தாய்க்கு ஊரார் சொன்ன ஓராண்டுக் கணக்கின் வேர் இத்தகைய நூல்களில்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் பாதியைத்தான் சொன்னார்கள். இவ்வாறு இறந்தவர்க்கு நாராயணபலி என்னும் சடங்கைச் செய்து, அதன்பின் எல்லாக் கடன்களையும் முறைப்படி ஆற்றலாம் என்பதும் தருமநூல் மரபே. யாஞ்ஞவல்கிய நூலின் உரையான மிதாட்சரம் இதனை எடுத்துரைக்கிறது. கதவை அடைத்தவர்கள் அதில் திறவுகோலையும் வைத்தே சென்றனர்.

நம் தமிழ்மரபுக்கு வருவோம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததும், பிசிராந்தையார் அவனுடன் உயிர் நீத்ததும் நாம் பெருமையுடன் படிப்பவை. நட்பின் உயர்வுக்காக அவற்றைப் போற்றுவோம். ஆனால் அவை மைந்தரோடு மூண்ட பகையிலும் அக்காலத்து மான அறத்திலும் முளைத்தவை. மதிப்பெண் குறைந்ததற்கோ காதல் முறிந்ததற்கோ மேற்கோள் ஆகா. புலவர் பாடிய ஒரு சாவை எடுத்து, நண்பனின் சாவுக்கு மாலையாகச் சூட்டுதல் அடுத்தவனையும் அவ்வழியே அழைப்பதாகும். இதனை நாம் அறவே விடவேண்டும்.

ஏட்டறிவில்லா மக்கள் இதில் நம்மினும் தெளிவாக இருந்தனர். நல்லதங்காள் கதை அறியாத தமிழர் உண்டோ? பஞ்சத்தால் நலிந்து, ஏழு பிள்ளைகளுடன் அண்ணன் வீடு தேடி வந்தாள். அண்ணி மூளி அலங்காரி கதவை அடைத்தாள். பிள்ளைகளோடு அவள் மாண்டாள். பாட்டுக் கேட்ட மக்கள் நல்லதங்காளைப் பாவி என்றனரோ? இல்லை. வத்திராயிருப்புக்கு அருகே அருச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் எடுத்தனர். அவர்கள் பழித்தது கதவடைத்த அண்ணியை. அவள் செய்தது சரியென்று அவர்கள் சொல்லவில்லை. பிள்ளைகளுக்காக இன்றும் கண்ணீர் விடுகின்றனர். ஆயினும், "அவள் ஏன் செத்தாள்?" என்பதற்கு முன், "கதவை அடைத்தவர் யார்?" என்று கேட்டனர். யூத அறிஞரின் தீர்ப்பும் இக்கேள்வியும் ஒரே இடத்திற்கு வந்து சேர்வதைக் காண்க.

சட்டம் வந்த வழி

சமயங்கள் நடந்த வழியிலேயே சட்டமும் நடந்திருக்கிறது. இங்கிலாந்து தற்கொலையைக் குற்றப் பட்டியலிலிருந்து 1961இல் நீக்கியது. இந்தியாவிலோ 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, முயன்று பிழைத்தவனுக்கு ஓராண்டு வரை சிறை என்றது. 1994இல் உச்சநீதிமன்றம் அப்பிரிவு செல்லாது என்றது; 1996இல் அதே நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு செல்லும் என்றது. 2000இல், வாழ்வின் பயனைப் பெற்றுவிட்டதாகக் கருதிய முதியவர் ஒருவர் தம் வாழ்வை முடித்துக்கொள்ளும் உரிமை கேட்டு வழக்குத் தொடர்ந்தபோது, எர்ணாகுளத்திலுள்ள கேரள உயர்நீதிமன்றம் அவ்வுரிமையை ஒப்பவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமோ, முயன்று பிழைத்தவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே முதலில் கொள்ளவேண்டும், அவருக்கு அரசு மருத்துவமும் காப்பும் அளிக்கவேண்டும் என்றது. 2024 சூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஃகிதையில் பழைய பொதுத் தண்டனை இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கத்துடன் முயல்வது மட்டுமே இன்னும் குற்றம். ஆக, தண்டனை போய் மருத்துவம் வந்தது. உரிமை என்று மட்டும் இன்றைய சட்டம் ஒப்பவில்லை.

கருணை உண்டென்று துணியலாமோ?

"இறந்தபின் மன்னிப்பு உண்டென்றால் சாகத் தடை என்ன?" என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. சமயங்கள் இறந்தவரிடம் கருணை காட்டுவது அச்செயல் சிறியது என்பதனால் அன்று. துயரம் மூளும்போது மனம் தன் வயத்தில் இருப்பதில்லை. ஒரே வாயில்தான் உண்டென்று அது காட்டும். வேறு வாயில்கள் கண்ணுக்குத் தெரியா. நோயில் கிடப்பவன் உணவெல்லாம் கசக்கிறதென்றால் கசப்பு உணவில் இல்லையன்றோ? அவ்வாறே, வாழ்வு முடிந்துவிட்டதென்ற எண்ணம் நோயின் குரல். உண்மையின் குரல் அன்று. அந்நிலை மருத்துவத்தால் தீரும், பகிர்ந்துகொள்ளத் தணியும். தணிந்தபின் அதே மனிதன் வாழவே விரும்புகிறான். ஆதலின் கருணை என்பது இறந்தவர்க்கு விதித்த தீர்ப்பு. இருப்பவர்க்கு விடுத்த அழைப்பு அன்று. இருப்பவர்க்கு எல்லாச் சமயங்களும் சொல்வது ஒன்றே: இரு, உன் உயிர் உனக்கு மட்டும் உரியதன்று.

அந்த ஒற்றைச் சொல்லை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் தீட்டப்பட்டிருக்கிறது. அதைக் கண்டு நிற்கையில் கம்பன் காட்டும் அசோகவனம் நினைவுக்கு வந்தது. சீதை இனி வாழ்வதில்லை எனத் துணிந்துவிட்டாள். மறைந்திருந்த அனுமன் அந்நொடியில் வெளிப்பட்டான். "தற்கொலை பாவம், தாயே" என்று அவன் அறம் உரைத்தானா? நரகத்தைக் காட்டி அச்சுறுத்தினானா? இல்லை. இராமனின் பெயரைச் சொன்னான், தான் அவன் தூதன் என்றான், கணையாழியைக் கொடுத்தான். உன்னைத் தேடுவார் உளர் என்ற செய்தி ஒன்றே அவள் உயிரைக் காத்தது.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் தம் உயிரைப் போக்கிக்கொண்டோர் 1,70,924 பேர். அவர்களுள் மாணவர் 13,044 பேர் என்கிறது தேசியக் குற்றப்பதிவு அலுவலகம். நாள்தோறும் 35 மாணவருக்கு மேல்! அவர்கள் அறைக்கதவை உரிய நேரத்தில் ஒருவர் தட்டியிருந்தால் இத்தொகை எவ்வளவோ குறைந்திருக்கும்.

ஆகவே நண்பர்களே, நாம் செய்யக்கூடியது உண்டு. உணவுக்கூடத்திற்கு வராதவரை ஏனென்று கேட்போம். "செத்துப்போகலாம் போலிருக்கு" என்று ஒருவர் சொன்னால் விளையாட்டென்று தள்ளாமல் அருகே அமர்வோம். அப்படி எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்போம். கேட்பதால் எண்ணம் வளராது, சுமைதான் இறங்கும். பின் அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடமோ நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ அழைத்துச் செல்வோம். சென்னையில் 1986முதல் 'சிநேகா'வும், கொச்சியில் 'மைத்திரி'யும் இப்பணியைச் செய்து வருகின்றன. நடுவண் அரசு 2022இல் தொடங்கிய 'டெலி மானசு' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். நம் மொழியிலேயே பேசலாம். இதைப் படிக்கும் உங்களுக்கே அந்தச் சுமை இருப்பின், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். அதில் இழிவு இல்லை.

அந்தத் தாய்க்குப் பின்னர் ஒரு மடல் எழுதினேன். "அம்மா, காரியம் செய்யலாம், அதற்கு வழி நூலிலேயே இருக்கிறது. எந்தச் சமயமும் உங்கள் மகனை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. அவர் நோயுற்றிருந்தார், நாங்கள் அறியவில்லை. பக்கத்து அறையில் இருந்தும் கதவைத் தட்டாத குறை எங்களுடையது" என்று எழுதினேன். கதியைத் தருவது இறைவன் செயல். கதவைத் தட்டுவது நம் செயல்.